முகம் பார்த்துச் சொல்லும் சந்திரகலா

சந்திரகலா என் பக்கத்துக் குவாட்டர்ஸ்காரி. பன்னிரண்டு வருடமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்மல் கேட்கும். அதனால் அவளைப் பற்றி நான் சொல்லும்போது மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். மரியாதை வேண்டுமென்றால் அவளே எழுதிக்கொள்ளட்டும்.

ஊர் விருதுநகர்ப் பக்கம். கணவர் வெள்ளைச்சாமி நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்கிவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலன்று, 'நல்லா இருக்கீங்களா' என்று என்னைக் கேட்பார். ஒரே மகன் அஸ்வின், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பேசுவதற்கென்றே பிறந்தவளைப் பேசாத வீட்டில் கொண்டுவந்து வைத்தால் அவள் டிவியோடு பேசுவாள். சீரியலில் மாமியார் பாலில் எதையோ கலக்கும்போது 'குடிக்காதடி, குடிக்காதடி' என்று இவள் கத்துவது என் சமையலறைக்கே கேட்கும்.

எங்கள் பிளாக்குக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் வெள்ளைச்சாமியை ராஜஸ்தானுக்கு மாற்றியிருந்தார்கள். இங்கிருந்து அங்கே போய்வந்த குடும்பங்கள் நிறைய. திரும்பி வரும் பெண்கள் ஆளுக்கு இரண்டு கனத்த போர்வையும், காய்கறிக்காரரிடம் விலை கேட்பதற்கு இரண்டு இந்தி வார்த்தையும் கொண்டுவருவார்கள். சந்திரகலா மட்டும் இந்தியை முழுசாகவே கொண்டுவந்துவிட்டாள். பால்காரரோடு தினம் சண்டை போட்டுக் கற்ற இந்தி. ஆனால் இங்கே வந்தபின் மூச்சு விடவில்லை. தெரியும் என்று சொன்னால் பிளாக்கில் இருக்கும் வடக்கத்திக் குடும்பங்களுக்கெல்லாம் கேஸ் புக்கிங் முதல் பிள்ளையின் டிசி வரை இவள்தான் அலைய வேண்டும் என்று பயம். அந்தப் பயம் நியாயமானதுதான்.

இனி அந்த நாடகத்துக்கு வருகிறேன். பெயர் 'ஒரு யூனிட்'. திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் ஏழரை மணி. சேகர் என்று ஒருவன், வீடு வீடாகக் கரண்ட் ரீடிங் எடுக்கிறவன், பரம யோக்கியன். ஒருநாள் ஒரு விதவைக்கு இரக்கப்பட்டு நூற்றொன்றை நூறு என்று எழுதுகிறான். அடுத்து மிட்டாய்க்கடைக்காரனுக்கு ஆயிரம் யூனிட் குறைகிறது. அதைப் பார்த்துவிட்ட தன் உதவியாளைப் பொய் வழக்கில் உள்ளே தள்ளுகிறான். அவன் வாயைத் திறக்காமல் இருக்க ஜெயிலுக்குள் ஆள் வைக்கிறான். பெண்டாட்டி சுதா முதலில் 'இந்தப் பணம் ஏது?' என்று அழுதாள். அப்புறம் கேட்பதை நிறுத்தினாள். அதற்கும் அப்புறம் 'அடுத்தது எப்போ?' என்று கேட்க ஆரம்பித்தாள். இப்படி ஒவ்வொருத்தராகக் கெட்டுப்போவதை இட்லி மாவு கரைத்துக்கொண்டே பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. நாமெல்லாம் எவ்வளவு நல்லவர்கள் என்று தோன்றும்.

கதை நடப்பது தாராபுரத்தில் என்று சொல்வார்கள். பின்னால் தெருவில் ஒட்டகம் போகும். தலைப்பாகை கட்டிய ஆள் டீ ஆற்றுவான். இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தது என்று அந்த ஒட்டகத்தைப் பார்த்தாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். நாங்கள் சேகரின் முகத்தைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தோம்.

தினமும் காலை ஆறு மணிக்கு நாங்கள் நாலு பேர் பிளாக்கைச் சுற்றி நடப்போம். சந்திரகலா, நான், எதிர்வரிசை ஜானகியம்மாள், சரிதா. ஜானகியம்மாள் இந்தப் பக்கத்து ஊர்க்காரி, எங்களில் மூத்தவள், கணவர் பெர்மனென்ட்டாக இருந்து அடுத்த வருடம் ரிட்டயர் ஆகப்போகிறவர். சரிதா சின்னவள், இன்ஜினியர் பெண்டாட்டி, நடந்த அடிகளை எண்ணும் வாட்ச் கட்டியிருப்பாள். டாக்டர் நடக்கச் சொன்னது சர்க்கரைக்காக. நாங்கள் நடந்தது சேகர் எந்த இடத்தில் கெட்டுப்போனான் என்று சண்டை போடுவதற்காக. மிட்டாய்க்கடையில் என்பாள் ஜானகியம்மாள். விதவை வீட்டிலேயே என்பேன் நான். எல்லாம் அந்த சுதாவால் வந்தது என்பாள் சரிதா. பழியைப் பெண்டாட்டி மேல் போடாமல் எங்கள் பிளாக்கில் எந்த விசாரணையும் முடியாது.

ஒருநாள் சரிதா சும்மா கேட்டாள். "அக்கா, அடுத்து சேகர் என்ன செய்வான்னு நினைக்கிறீங்க?"

"அந்த உதவியாள் பையன போட்டுக் குடுத்துருவான். பாரு, இந்த வாரமே" என்றாள் சந்திரகலா.

அந்த வாரமே போட்டுக்கொடுத்தான். மறுநாள் காலை வாட்டர் டேங்க் பக்கத்தில் சரிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "எப்படிக்கா? எப்படித் தெரிஞ்சுது?"

விஷயம் இதுதான். அஸ்வின் தன் ஆன்லைன் சந்தாவின் பாஸ்வேர்டை அம்மாவுக்குக் கொடுத்திருந்தான். இந்தி மூலத்தை, முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோடு வரை, ஒரே வாரத்தில் ஒரு டேப்லெட்டில் பார்த்து முடித்தவள் இவள். ராஜஸ்தானில் எடுத்தது என்று ஆசைப்பட்டுப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். 'நான் முன்னாடியே பார்த்துட்டேன்டி' என்று சிரித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மூன்று பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வருடத்தில் அவள் சொன்னதை நாங்கள் அப்படிக் கேட்டதே இல்லை.

"மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதுல்ல" என்றாள்.

சேகர் கெட்டுப்போன இடத்தைப் பற்றி நாலு மாதம் சண்டை போட்டோம். சந்திரகலா கெட்டுப்போன இடத்தை நான் விரல் வைத்துக் காட்டுவேன். வாட்டர் டேங்குக்கு இந்தப் பக்கம், மூடியில்லாத சாக்கடைக்கு எதிரில்.

முகத்தில் என்ன தெரிகிறது என்று சரிதா விடாமல் குடைந்தாள். சொல்லித்தானே ஆக வேண்டும்? நடந்துகொண்டே மூன்று அடையாளம் கண்டுபிடித்துச் சொன்னாள் சந்திரகலா. ஒன்று, கேள்வி கேட்டால் பதிலுக்குக் கேள்வி கேட்பான். இரண்டு, வாயைத் திறப்பதற்கு முன் கண் தரைக்குப் போகும். மூன்று, பாதிப் பேச்சில் தண்ணீர் குடிப்பான். மூன்றையும் கண்டுபிடிக்க அவளுக்குப் பூங்காவிலிருந்து தபால் ஆபீஸ் வரை போகும் நேரம்தான் ஆனது. நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம்.

நான் அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சோதித்துப் பார்த்தேன். "பால் வாங்குனீங்களா?" என்றேன். "வாங்கணுமா?" என்றார். கேள்விக்குக் கேள்வி! கண்ணும் தரைக்குப் போனது. அன்று முழுவதும் அவர் செல்போனைத் துழாவினேன். அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் பாலும் இல்லை.

நாடகம் போகப் போகச் சந்திரகலா சொன்னதெல்லாம் நடந்தது. நடக்காமல் எங்கே போகும்? பிளாக் முழுக்க அவள் புகழ் பரவியது. பூக்காரி வந்து மருமகனைப் பற்றிக் கேட்டாள். சரிதா தன் கொழுந்தன் போட்டோவைக் காட்டினாள். குள்ளஞ்சாவடியிலிருந்து தமிழ்நிலா என்ற பெண்ணின் அம்மா, பஸ் பிடித்து வந்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். பையன் பேச்சுக்கு நடுவில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். சந்திரகலா ஒன்றும் சொல்லாமல் உதட்டை மட்டும் பிதுக்கினாள். சம்பந்தம் முறிந்தது. சித்திரை மாதத்து வெயிலில் பையனுக்குத் தாகம் எடுத்திருக்கலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் அவளை நிறுத்தியிருக்கலாம். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பிரபலம் இருப்பது எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜானகியம்மாளின் சங்கிலி காணாமல் போனது வைகாசி கடைசியில். சாமி அறை அலமாரியில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாளாம். அன்று காலை அவள் வீட்டுச் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவன் கொளஞ்சிநாதன். குவாட்டர்ஸ் மராமத்து காண்ட்ராக்டில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவன். பக்கத்து ஊரான வளையமாதேவிக்காரன். அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனது. பெர்மனென்ட் ஆவதற்கான பட்டியலில் இந்த வருடம்தான் அவன் பெயர் வந்திருந்தது, அடுத்த திங்கட்கிழமை சர்டிபிகேட் சரிபார்ப்பு. எங்கள் பிளாக்கில் எந்த வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் ஒழுகும் என்று எங்களைவிட அவனுக்குத்தான் தெரியும். எந்த வீட்டிலும் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவோம். இந்தப் பதினோரு வருடமும் அன்று அவனுக்கு ஒரு பைசாவுக்கு உதவவில்லை.

ஜானகியம்மாள் வீட்டு வராண்டாவில் அவனை நிற்கவைத்தார்கள். காண்ட்ராக்ட் மேஸ்திரியும் வந்திருந்தார். நல்ல வெயில். சரிதா பாவப்பட்டு அவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

"ஏம்பா கொளஞ்சி, சாமி ரூம்பு சங்கிலிய நீ பாத்தியா?" என்றாள் ஜானகியம்மாள்.

அவன் பாதித் தண்ணீரில் செம்பை இறக்கினான். தரையைப் பார்த்தான். "எந்தச் சங்கிலிங்கம்மா?" என்றான்.

மூன்று அடையாளமும் ஒரே மூச்சில்! நாங்கள் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் சிலிர்த்தது. நாடகம் வராண்டாவுக்கே வந்துவிட்டது அல்லவா?

"நீ சொல்லு சந்திரா. பாத்துகினுதான இருந்த" என்றாள் ஜானகியம்மாள்.

சந்திரகலாவின் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அது அவளுக்குத் தெரியும். 'எனக்கெப்படிம்மா தெரியும்' என்று சொல்ல ஒரு நொடி போதும். மேஸ்திரி வேறு கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார். அவரும் 'ஒரு யூனிட்' பார்க்கிறவர்.

"ஆள் சரியில்ல" என்றாள்.

ஜானகியம்மாள் போலீசுக்குப் போகவில்லை. அதைத் தன் பெரிய மனசு என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறாள். மேஸ்திரி அங்கேயே கொளஞ்சிநாதனின் கேட் பாஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாஸ் இல்லாமல் சரிபார்ப்புக்கு உள்ளே போக முடியாது. அவன் மிச்சத் தண்ணீரை ரோஜாச் செடியில் ஊற்றிவிட்டுச் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அவன் வண்டி வளையமாதேவி போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து சந்திரகலா நடக்க வரவில்லை. முட்டி வலி என்றாள். ஏழரை மணிக்கு அவள் வீட்டு டிவிச் சத்தமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்னதான் ஆச்சு பார்ப்போம் என்று ஒரு கிண்ணம் ரசத்தோடு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள், அஸ்வின் பாஸ்வேர்டிலிருந்து 'ஆள் சரியில்ல' வரை. மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானை நனைந்துபோனது.

"அடிப்பாவி" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நான் என்னடி செய்யட்டும் இப்போ, தேவயானி?"

"போய்ச் சொல்லு."

"மானம் போயிடும்டி."

"உன் மானம் போனா போகுது. அவனுக்கு வேலை போகுது."

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி நின்றது. கொளஞ்சிநாதனும் அவன் மனைவி பவித்ராவும். அவன் கேட்டுக்கு வெளியே பலா மரத்தடியில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பவித்ரா மட்டும் உள்ளே வந்தாள். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்றிருந்தது.

"நீங்கதான் மொகத்தப் பாத்து சொல்றவங்களாம்மா?" என்றாள்.

சந்திரகலா எழுந்து நின்றாள்.

"இன்னொரு வாட்டி அவர நல்லா பாருங்கம்மா. இட்டாந்திருக்கேன். எடுத்திருந்தா எடுத்தாருன்னு சொல்லிடுங்க, நான் எப்பாடுபட்டாவது வாங்கியாந்து அந்த அம்மா கால்ல வெச்சிடறேன். மூணு நாளா வூடு பூரா தேடிகினு இருக்கேன். பொட்டி, அரிசிக் குண்டான், மாட்டுக் கொட்டா, ஒண்ணு பாக்கி இல்ல. எங்க மாமனாரு பொட்டியக்கூட ஒடச்சிப் பாத்துட்டேன். இவரு பாத்துகினே குந்திகினு இருக்காரு. எனக்கு ஒண்ணும் புரியலம்மா."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஏதோ பரிசோதனை முடிவு வாங்க வந்தவள் மாதிரி நின்றாள். பெண்டாட்டி, கட்டினவனை விட்டுவிட்டு, எங்கள் சந்திரகலாவின் வாயை நம்பி வந்திருக்கிறாள். டேப்லெட்டில் நாடகம் பார்த்த இந்த வாயை.

சந்திரகலா சொல்லிவிட்டாள். "எனக்கு முகமும் பார்க்கத் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாதும்மா. அந்த நாடகத்த முன்னாடியே இந்தியில பார்த்துட்டேன். அதான் சொன்னேன். மத்தபடி எல்லாம் பொய்."

பவித்ரா கேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "அப்ப இவரு எடுத்தாரா, எடுக்கலியா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"அன்னிக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

வெளியிலிருந்து கொளஞ்சிநாதனின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"நீங்கதான் ஒண்ணும் பேசலியே" என்றாள் பவித்ரா, திரும்பாமலே.

"தேடிகினு இருக்கறவகிட்ட என்னா பேசறது?"

அவர்கள் போனபிறகு சந்திரகலா முகத்தைக் கழுவினாள். பொட்டு வைத்துக்கொண்டாள். டேப்லெட்டைச் சார்ஜில் போட்டாள். மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜானகியம்மாள் வீட்டு வராண்டாவில் கூட்டம் கூட்டினாள். சரிதா, மேஸ்திரி, பூக்காரி என்று அவள் புகழ் பாடிய ஒருத்தரையும் விடவில்லை. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாள், திருடனைக் காட்டப்போகிறாள் என்று எல்லாரும் ஆசையாக வந்தார்கள்.

அவள் டேப்லெட்டை நாற்காலியில் சாய்த்து வைத்து, கடைசி எபிசோடைப் போட்டாள். சேகர் இந்தியில் பேசினான். சுதா இந்தியில் அழுதாள். பின்னால் ஒட்டகம் போனது. சந்திரகலா வரிக்கு வரி தமிழில் சொன்னாள். சேகரின் மகளே போலீசுக்குப் போன் செய்கிறாள். சேகர் அந்த விதவையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது விலங்கு மாட்டுகிறார்கள்.

"எல்லாத்தையும் நான் முன்னாடியே பார்த்தது. முகத்தைப் பார்த்து நான் எதையும் சொல்லல. கொளஞ்சிநாதனப் பத்திச் சொன்னதும் புளுகு" என்றாள்.

சரிதாதான் முதலில், "அப்போ சேகர் மாட்டிக்குவானா? அதுவும் பொண்ணாலயா?" என்றாள், அழாத குறையாக.

"நாலு மாசமா வேலய வுட்டுட்டு பாத்துகினு இருந்தேன்டி!" என்று ஜானகியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னும் மூணு வாரம் இருக்குது! எல்லாத்தயும் பாழாக்கிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

பூக்காரி வெளியே போய்த் துப்பினாள். மேஸ்திரி, "சுதா என்னங்க ஆகுறா?" என்று மெதுவாக என்னைக் கேட்டார். இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சங்கிலி காணாமல் போனபோதுகூட ஜானகியம்மாள் இவ்வளவு அலறவில்லை.

சந்திரகலாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அவள் குரல் பூங்கா வரை கேட்டிருக்கும். "நிறுத்துங்க! சேகர் மாட்டினா உங்களுக்கென்ன, மாட்டலேன்னா என்ன? அவன் நடிக்க வந்தவன். இங்க ஒருத்தன் பெண்டாட்டி வீட்டைத் தலைகீழாத் தேடிட்டு இருக்கா. அவன் பாஸைக் குடுங்க மொதல்ல!"

"நீ பொய் சொன்னன்னா அவன் எடுக்கலன்னு ஆயிடுமா?" என்றாள் ஜானகியம்மாள்.

"ஆகாது. எடுத்தான்னும் ஆகாது. நீங்க பார்த்தீங்களா? நான் பார்த்தேனா? தண்ணி குடிச்சான். அதுதான் நாம பார்த்தது."

மேஸ்திரி சட்டைப்பையில் கைவிட்டார். சாட்சி சொன்னவளே இல்லை என்று சொன்னபின் அவர் எதை வைத்துக்கொண்டு பாஸைப் பிடித்து வைப்பார்? சந்திரகலா அதை வாங்கி, வெள்ளைச்சாமியை எழுப்பி, அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வளையமாதேவிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வெள்ளைச்சாமி போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அவர் கேட்காமல் இருந்ததை அவள் நன்றியோடு சொன்னது அதுதான் முதல் தடவை. குள்ளஞ்சாவடிக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னாள். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டிருந்தது. நன்றாக இருக்கட்டும், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்.

திங்கட்கிழமை கொளஞ்சிநாதன் சரிபார்ப்புக்குப் போனான். பேப்பர் எல்லாம் சரியாக இருந்ததாம். ஆர்டர் வர நாளாகும் என்றார்கள். அதுவரை காண்ட்ராக்ட் வேலைதான். சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. ஜானகியம்மாள் அதை எங்கேயாவது வைத்து மறந்திருப்பாள் என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். இனி நான் யாரைப் பற்றியும் அடித்துச் சொல்வதாக இல்லை.

இப்போது அவன் பிளாக்குக்கு வந்தால் ஜானகியம்மாள் வீட்டுச் சாமி அறைக்குப் பூட்டு விழும். சரிதா, குழாய் சரிசெய்து முடியும்வரை சமையலறை வாசலிலேயே போன் பார்ப்பதுபோல் நிற்பாள். யாரும் அவனை எதுவும் சொல்வதில்லை. 'பாவம், நல்ல பையன்' என்றுகூடச் சொல்வார்கள். சாவியை மட்டும் யாரும் கொடுப்பதில்லை.

இதைப் பார்த்துச் சந்திரகலா கொதித்தாள். "என் வீட்டை அவனுக்குத் திறந்து போடுறேன் பாரு" என்று சபதம் போட்டாள். போன வாரம் அவள் வீட்டுச் சிங்க் அடைத்துக்கொண்டது. அவனைக் கூப்பிட்டாள். நான் ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் அரை மணி நேரம் குனிந்து வேலை செய்தான். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தவனை அவள் விடவில்லை.

"உள்ளயே உட்காருப்பா. டீ போட்டிருக்கேன். ஃபேன் கீழ உட்காரு."

அவன் தயங்கித் தயங்கி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். டீயை வாங்கிக்கொண்டான். பவித்ரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள் சந்திரகலா. "இருக்குதுங்கம்மா" என்றான்.

சப்பாத்தி மாவு பிசையக் கழற்றிய அவள் தங்க வளையல் இரண்டும் டிவி ஸ்டாண்டில், அவன் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தன. சந்திரகலா பேசிக்கொண்டே எழுந்தாள். பேசிக்கொண்டே போய் வளையல்களை எடுத்தாள். பேசிக்கொண்டே, மாவு ஒட்டிய கையிலேயே, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள்.

போட்ட பிறகுதான் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன்.

கொளஞ்சிநாதன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தான். "சூடா இருக்குதுங்கம்மா, வெளிய காத்துல ஆத்திக் குடிச்சிக்கிறேன்" என்றான். வாசலில் வெயிலில் நின்று குடித்தான்.

"நானே கட்டிவிட்ட பொய்டி, தேவயானி" என்றாள் சந்திரகலா. சத்தம் வரவில்லை அவளுக்கு. "ஊரைக் கூட்டி வச்சுப் பொய்னு சொன்னேன். எனக்கே மனசை விட்டுப் போகமாட்டேங்குதே."

வெளியே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. "டம்ளர இங்க வெச்சிருக்கேங்கம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். நான் போய்ப் பார்த்தேன். டம்ளரைக் கழுவிப் படியில் கவிழ்த்து வைத்திருந்தான்.